டேட்டாபேஸின் தலையெழுத்து

உறவுசார் டேட்டாபேஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1970 ஜூன் மாதத்தில் தொடங்குகிறார்கள். ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்கர் காட் அந்த மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம், அது வட்டில் எங்கே எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டியதில்லை என்பது அதன் சாரம். அங்கிருந்து ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இன்கிரஸ், பிறகு ஆரக்கிள் என்று கதை நகரும். அந்தக் கதையில் தவறில்லை. ஆனால் கோட்பாட்டை எழுதியவருக்கும் அட்டவணையில் தகவல் சேர்த்தவருக்கும் நடுவே இருந்த ஒருவர் அதில் காணாமல் போகிறார். மென்பொருளைச் சர்வரில் நிறுவியவர் அவர். தகவல் எந்தக் கோப்புறையில் இருக்கவேண்டும், எழுத்துகளை எந்தக் குறிமுறையில் சேமிக்கவேண்டும், வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் அந்த முதல் சில நிமிடங்களில் முடிவாகின்றன. பெரும்பாலும் நிறுவியவர்கூட அவற்றை முடிவு செய்ததில்லை. அவர் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் உண்டு. தொழிலில் டீஃபால்ட் என்பார்கள். அவற்றை எங்கோ இருந்த ஒரு நிரலாளர், பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். லினக்ஸ் சர்வர்களில் உறவுசார் டேட்டாபேஸ் எப்படிப் பரவியது, எங்கே உடைந்தது, யாருடைய தகவல் கெட்டது என்பதைக் கோட்பாட்டைவிட அதிகமாக இந்த டீஃபால்ட்களே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் நிறுவுதல் நிபுணர்களின் வேலையாக இருந்தது. லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் 1977இல் தொடங்கிய நிறுவனம் 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983இல் அதைச் சி மொழியில் புதிதாக எழுதிய பிறகு பலவகைக் கணினிகளுக்கு அது போய்ச்சேர்ந்தது. 1998 ஜூலையில் லினக்ஸுக்கும் தருவதாக ஆரக்கிள் அறிவித்தது. இன்ஃபார்மிக்ஸும் அதே மாதம் அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் ஐபிஎம்மின் டிபி2 சோதனைப் பதிப்பாக லினக்ஸில் வந்துவிட்டது. அக்காலத்தில் லினக்ஸில் ஆரக்கிளை நிறுவுவது ஒரு நாள் வேலைக்குக் குறையாது. கர்னலின் பகிர்நினைவக வரம்பை உயர்த்தவேண்டும், செமஃபோர் எண்ணிக்கைகளைத் திருத்தவேண்டும். ஆரக்கிள் என்ற பெயரில் தனிப் பயனரும் டிபிஏ, ஓஇன்ஸ்டால் என்று குழுக்களும் உருவாக்கவேண்டும். பின்னர் வந்த நிறுவி ஜாவாவில் எழுதப்பட்டது. திரையே இல்லாத சர்வரில் அதன் சாளரத்தைத் திறக்க, வேறொரு கணினியின் திரையை எக்ஸ் அமைப்பின் வழியே கடன் வாங்கவேண்டும். நடுவில் அது நின்றுகொண்டு, இன்ன ஸ்கிரிப்டை ரூட் பயனராக ஓட்டிவிட்டு வா என்று சொல்லும். இத்தகைய வேலைகள்தான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, என்ற பதவிக்கு மதிப்பைக் கொடுத்தன. சம்பளமும் மரியாதையும் உள்ள பதவி அது.

இத்தனை நிபுணத்துவம் இருந்தும் டீஃபால்ட்தான் வென்றது என்பதற்கு ஆரக்கிளின் கடவுச்சொற்களே சான்று. ஸ்காட் என்ற மாதிரிப் பயனருக்கு டைகர் என்பது கடவுச்சொல். ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரும் அவர் வீட்டுப் பூனையின் பெயரும் அவை. சிஸ்டம் என்ற நிர்வாகிக் கணக்குக்கு மேனேஜர் என்று கடவுச்சொல். எல்லா அதிகாரமும் கொண்ட சிஸ் கணக்குக்கோ, ‘நிறுவும்போது மாற்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். இதைவிடத் தெளிவாக ஓர் எச்சரிக்கையை எங்கும் எழுதமுடியாது. உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் அதைத்தான் தட்டச்சு செய்யவேண்டும். அப்படியும் மாற்றாமல் விட்ட சர்வர்கள் ஏராளம். 2005 அக்டோபர் இறுதியில், இத்தகைய ஆரம்பக் கடவுச்சொற்களை மட்டுமே நம்பி ஒரு ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முயலும் புழு நிரல் ஒன்றைப் பெயர் தெரியாத ஒருவர் மாதிரிக்காகப் பொதுவில் வெளியிட்டார். பெரும் சேதம் எதுவும் நேரவில்லை. ஆனால் எச்சரிக்கையை எழுதிவைப்பதும் மனிதர் அதன்படி நடப்பதும் வெவ்வேறு என்பது அதில் தெரிந்தது. புழு வருமுன்பே ஆரக்கிளின் புதிய பதிப்புகள் நிறுவும்போதே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கவும், மாதிரிக் கணக்குகளைப் பூட்டிவைக்கவும் தொடங்கியிருந்தன.

சுவீடனிலிருந்து வந்த மைஎஸ்கியூஎல் ஆட்டத்தையே மாற்றியது. மைக்கேல் வைடேனியஸும் டேவிட் ஆக்ஸ்மார்க்கும் ஆலன் லார்சனும் 1995இல் தொடங்கியது அது. பதிவிறக்கிப் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட வேண்டும் என்பதை அவர்கள் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 1990களின் முடிவில் லினக்ஸின் பேக்கேஜ் அமைப்புகளும் பக்குவப்பட்டிருந்தன. ஆர்பிஎம் இருந்தது, டெபியனின் 1999ஆம் ஆண்டுப் பதிப்போடு ஆப்ட் வந்தது. ஒரே கட்டளையில் மென்பொருளும் அதற்குத் தேவையான மற்றவையும் இறங்கி, தம்மை அமைத்துக்கொண்டு ஓடத் தொடங்கின. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து லாம்ப் என்று 1998இல் ஜெர்மன் கணினி இதழொன்றில் மைக்கேல் குன்ஸ எழுதினார். சில ஆண்டுகளில் அது உலகம் முழுக்க இணையத்தளம் நடத்துவோரின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. 2000இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மைஎஸ்கியூஎல் மாறியபோது, பணமும் டிபிஏவும் இல்லாத ஒரு கல்லூரி மாணவர்கூட உறவுசார் டேட்டாபேஸ் நடத்தலாம் என்ற நிலை வந்துவிட்டது. காட் எழுதியது முப்பது ஆண்டு கழித்துச் சாமானியர் கைக்கு வந்த வழி இது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கணினித் துறையில் நடந்த மிகப்பெரிய ஜனநாயகமாக்கல்களில் இதுவும் ஒன்று.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக விட்டுக்கொடுக்கப்பட்டவை என்னென்ன என்று பார்க்கவேண்டும். நிறுவி முடித்ததும் மைஎஸ்கியூஎல்லின் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே இருக்காது. பெயரில்லாத பயனர் ஒருவரும் உள்ளே வரலாம். சோதனைக்கென்று ஒரு டேட்டாபேஸ் எல்லாருக்கும் திறந்திருக்கும். இவற்றைச் சரிசெய்ய, நிறுவிய பிறகு ஓட்டவேண்டிய தனி ஸ்கிரிப்ட் ஒன்றைக் கூடவே கொடுத்தார்கள். பாதுகாப்பு, ஓட்டினால் ஓட்டலாம் என்ற இரண்டாம் படியானது. 2015இல் வந்த 5.7 பதிப்பில்தான் பெயரில்லாத பயனரும் சோதனை டேட்டாபேஸும் நீங்கின; ரூட்டுக்குத் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைச் சர்வரே உருவாக்கிப் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும் வழக்கமும் வந்தது. கடவுச்சொல் விவகாரம் எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாமல் நடந்தது இன்னும் மோசம். 2010 டிசம்பரில் 5.5 பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல்லின் டீஃபால்ட் சேமிப்பு இயந்திரம் மைஐசாம். பல மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகச் செய்து, நடுவில் தவறினால் எல்லாவற்றையும் திரும்பப் பெறும் வசதி அதில் இல்லை. ஓர் அட்டவணையின் வரிசை இன்னோர் அட்டவணையில் உண்மையில் இருக்கும் வரிசையைத்தான் சுட்டவேண்டும் என்ற அயல்திறவுகோல் விதியை எழுதினால், மைஐசாம் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டு பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அட்டவணைகளுக்கிடையே உள்ள உறவை எழுதியாயிற்று என்று நம்பியவரின் டேட்டாபேஸில் அந்த உறவைக் காவல் காக்க யாரும் இல்லை. இன்னோடிபி என்ற மாற்று இயந்திரம் 2001 முதலே உடன் கிடைத்தது. கேட்டவருக்கு மட்டும் அது கிடைத்தது. கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் சிலரே.

தமிழ் எழுதுகிறவர்களை நேராகத் தொட்ட டீஃபால்ட் ஒன்றும் இதிலேயே இருந்தது. மைஎஸ்கியூஎல்லின் எழுத்துக்குறிமுறை தொடக்கத்திலிருந்து லத்தீன்-1. அகரவரிசை ஒழுங்கு சுவீடிய மொழியுடையது. உருவாக்கிய நிறுவனம் இருந்த நாட்டின் மொழி, உலகெங்கும் நிறுவப்பட்ட ஒவ்வொரு சர்வரின் மொழியாகவும் ஆனது. யூனிகோடில் தமிழ் எழுதும் வழக்கம் பரவிய ஆண்டுகளில், சொந்தச் சர்வரில் மைஎஸ்கியூஎல் வைத்துத் தளம் நடத்தியவர்கள் இதைக் கவனிக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. யுடிஎஃப்-8இல் அன்றாடத் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். பிஎச்பி அந்தப் பைட்டுகளை அனுப்பும். சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்து என்று நினைத்து வாங்கி வைக்கும். கேட்டபோது அதே பைட்டுகளைத் திருப்பித் தரும். உலாவி அவற்றை மீண்டும் தமிழாகக் காட்டும். டேட்டாபேஸுக்கு மட்டும் தன்னிடம் இருப்பது தமிழ் என்று தெரியாது. சர்வர் மாற்றும்போதோ பதிப்பு உயர்த்தும்போதோதான் குட்டு வெளிப்படும். புதிய இணைப்பு யுடிஎஃப்-8 என்று அறிவித்துக்கொள்ள, பழைய லத்தீன் எழுத்துகளைச் சர்வர் கடமை உணர்வோடு குறிமுறை மாற்றித் தரும். இந்தத் தமிழ்க் குறியீடுகள் எல்லாமே ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால், பக்கம் முழுவதும் தலைக்குமேல் சாய்கோடிட்ட லத்தீன் எழுத்தும் வணிகப் பதிவுக்குறியும் மாறி மாறி நிரம்பும். இதையாவது மீட்கலாம். இணைப்பு மட்டும் யுடிஎஃப்-8 ஆகவும் அட்டவணை லத்தீன்-1 ஆகவும் இருந்துவிட்டால், லத்தீனில் இடமில்லாத ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். அதற்கு மீட்பே கிடையாது.

இரண்டு டீஃபால்ட்கள் கூடும்போது சேதமும் பெருகும். 255 எழுத்து என்று அறிவித்த லத்தீன்-1 பத்தி, உண்மையில் 255 பைட்டுதான். அதில் தமிழ்க் குறியீடுகள் 85 மட்டுமே அடங்கும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே புள்ளியையும் இகரக் குறியையும் சேர்த்து ஐந்து குறியீடு, 15 பைட் ஆகிவிடும். நீளம் மீறினால் பிழை சொல்லி மறுக்கும் கண்டிப்பு முறை 5.7 பதிப்புக்குமுன் டீஃபால்ட்டாக இல்லை. ஆகவே நீண்ட தலைப்பு ஒன்று சேமிக்கப்படும்போது, ஓர் எழுத்தின் நடுப் பைட்டிலேயே சத்தமின்றி வெட்டுப்படக்கூடும். 2004இல் 4.1 பதிப்போடு யுடிஎஃப்8 என்ற தெரிவு பயன்பாட்டுக்கு வந்தது, ஆனால் டீஃபால்ட் மாறவில்லை. 2007இல் வேர்ட்பிரஸ் 2.2 தன் அமைப்புக் கோப்பிலேயே யுடிஎஃப்8 என்று எழுதிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் புதிதாக நிறுவிய தளங்களில் இத்தொல்லை குறைந்தது. அந்த யுடிஎஃப்8கூட முழுமையானதன்று. மூன்று பைட் வரைதான் ஏற்கும். நான்கு பைட்டுகளையும் ஏற்கும் வடிவம் 2010இல் வந்தது, டீஃபால்ட்டானது 2018இல் 8.0 பதிப்பில். இது பொம்மை முகக்குறிகளை மட்டும் பாதித்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019இல் யூனிகோடு 12 சேர்த்த தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் நான்கு பைட் பகுதியில்தான் இருக்கின்றன. பழைய கணக்கேடுகளை, ஓலைகளை எண்ணிமமாக்குகிறவர் ஒருவர் மூன்று பைட் டேட்டாபேஸில் அவற்றைச் சேமிக்க முடியாது. மொத்தத்தில், சுவீடனில் எடுத்த ஒரு முடிவு திருந்த இருபத்து மூன்று ஆண்டு ஆனது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இவை எல்லாமே ஆவணத்தில் எழுதியிருந்தவை. ஒவ்வொன்றையும் ஒரே வரியில் மாற்றியிருக்கலாம். படிக்காமல் நிறுவியவர் செய்த பிழைக்கு மென்பொருளை ஏன் குற்றம் சொல்லவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவம் மிக்க நிர்வாகிகளே இதைச் சொல்வதால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு பொறுப்பை ஒருவர்மேல் சுமத்தவேண்டுமானால், முடிவெடுக்கும் தருணம் ஒன்று இருந்தது என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மைஐசாம் அயல்திறவுகோலை வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்தபோது அப்படி ஒரு தருணமே வரவில்லை. தாம் டேட்டாபேஸ் நிறுவுகிறோம் என்றே அறியாதவர்களும் இருந்தார்கள். 2003 ஜனவரி 25 அன்று உலக இணையத்தையே திணறடித்த ஸ்லாம்மர் புழு, லினக்ஸைச் சேர்ந்ததன்று, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரைத் தாக்கியது. ஆனால் அதில் சிக்கிய கணினிகளில் வேறு மென்பொருள்களோடு சேர்ந்து சொல்லாமல் இறங்கிய சிறுபதிப்பு டேட்டாபேஸ்களும் இருந்தன. ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளிவந்திருந்தும், தங்கள் கணினியில் அது ஓடுகிறது என்பதே தெரியாதவர் எப்படித் திருத்துவார்? ஒரு பேக்கேஜைக் கேட்டால் அது சார்ந்திருக்கும் டேட்டாபேஸும் கூடவே இறங்கும் லினக்ஸ் முறைக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். அதோடு, டீஃபால்ட்டை மாற்றியவர்களும் தயாரித்தவர்களே. குற்றம் முழுக்கப் பயனருடையதென்று அவர்கள் உண்மையில் நம்பியிருந்தால் மாற்றியிருக்கத் தேவையில்லை.

இன்னோர் ஆட்சேபம் கனமானது. கண்டிப்பாக இருந்திருந்தால் மைஎஸ்கியூஎல் இவ்வளவு பரவியிருக்காது. போஸ்ட்கிரெஸ் பின்தங்கியதே அதற்குச் சாட்சி என்பார்கள். 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய திட்டம் அது; 1996இல் இன்றைய பெயரோடு பொதுவெளியில் வளரத் தொடங்கியது. ரூட் பயனராக ஓட்டினால் அது ஓட மறுக்கும். முதலில் இனிட்டிடிபி என்ற கட்டளையால் தகவல் கோப்புறையை உருவாக்கவேண்டும். சொல்லாதவரை வலையிலிருந்து வரும் இணைப்புகளைக் கேட்காது. யார் எங்கிருந்து எப்படி வரலாம் என்று வரி வரியாக எழுத ஒரு தனிக் கோப்பு உண்டு. லினக்ஸ் கர்னல் பகிர்நினைவகத்துக்கு வைத்திருந்த 32 மெகாபைட் வரம்பை மீறி நினைவகம் ஒதுக்கினால் சர்வரே கிளம்பாது; 2013இல் 9.3 பதிப்பு வேறு வழியில் நினைவகம் பெறத் தொடங்கியதும்தான் அந்தத் தலைவலி ஒழிந்தது. புதியவரை இவை விரட்டியிருக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆட்சேபம், எளிமையும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்று சத்தமின்றி முன்வைத்துக்கொள்கிறது. டெபியனின் பேக்கேஜர்கள் அதைப் பொய்யாக்கினார்கள். டெபியனில் போஸ்ட்கிரெஸை ஒரே கட்டளையில் நிறுவலாம். பயனர், கோப்புறை, தொடக்க அமைப்பு எல்லாம் தாமே உருவாகும். கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். இணைப்பின் மறுமுனையில் இருப்பது எந்த லினக்ஸ் பயனர் என்று கர்னலே சொல்லிவிடும். அது பொருந்தினால்தான் கதவு திறக்கும். அதே டெபியன், மைஎஸ்கியூஎல்லையும் சொந்தக் கணினியின் முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைத்துக் கொடுத்தது. மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி 2019இல் 10.4 பதிப்பில் ரூட் கணக்குக்கு இந்தக் கர்னல் அடையாள முறையையே டீஃபால்ட்டாக எடுத்துக்கொண்டது. பதினைந்து நிமிடம் பதினாறாகக்கூட ஆகவில்லை. அந்த வழி பல ஆண்டுகளாகவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே வெற்றுக் கடவுச்சொல்லை எளிமையின் தவிர்க்கமுடியாத விலை என்று சொல்லமுடியாது. யோசிக்காமல் விட்ட ஒன்றாகவே அதைக் கருதவேண்டியிருக்கிறது. அதை யோசித்தவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாமல் உழைத்த பேக்கேஜர்கள். வரலாற்று நூல்களில் எலிசனுக்கு ஓர் அதிகாரம் இருக்க, இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது நியாயமில்லை.

கண்டிப்பான மென்பொருளும் டீஃபால்ட்டிலிருந்து தப்பவில்லை. இனிட்டிடிபி ஓடும்போது, எந்த மொழியின் அகரவரிசை என்பதைச் சர்வரின் சூழலிலிருந்து போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். அந்த ஒழுங்கை லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி தரும். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த ஒழுங்கு விதிகளைப் பெருமளவு மாற்றியது. அடுத்த ஆண்டு டெபியன் 10, ரெட் ஹாட் 8 வழியாக அது சர்வர்களுக்கு வந்தபோது, பழைய ஒழுங்கில் அடுக்கிய இண்டெக்ஸ்களைப் புதிய ஒழுங்கில் தேட ஆரம்பித்தது டேட்டாபேஸ். இருக்கும் வரிசை இல்லை என்று பதில் வந்தது. ஒன்றுக்குமேல் கூடாது என்ற விதியை மீறி இரட்டைகள் நுழைந்தன. டேட்டாபேஸின் ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை, இயங்குதளத்தைத்தான் உயர்த்தினார்கள். உள்ளமைப்பு தெரியாமலே தகவலைப் பயன்படுத்தலாம் என்ற எட்கர் காட்டின் வாக்குறுதி, நிறுவிய நாளில் யாரும் கவனிக்காமல் எடுத்துக்கொண்ட ஒரு சூழல் மாறியின்முன் தோற்றது. 2024இல் வந்த போஸ்ட்கிரெஸின் 17ஆம் பதிப்பு, இயங்குதளத்தைச் சாராத சொந்த அகரவரிசை ஒன்றைத் தெரிவாகக் கொடுத்திருக்கிறது.

மேகச் சேவைகள் வந்தபின் நிறுவுதல் என்ற வேலையே முடிந்துவிட்டது, இதெல்லாம் பழங்கதை என்றும் சொல்கிறார்கள். 2009 அக்டோபரில் அமேசான் தன் ஆர்டிஎஸ் சேவையை மைஎஸ்கியூஎல்லோடு தொடங்கியது உண்மையிலேயே ஒரு திருப்பம். ஆனால் குறிமுறையும் அகரவரிசையும் அங்கும் உருவாக்கும் நாளில்தான் முடிவாகின்றன. முடிவெடுப்பவர் டெபியன் பேக்கேஜரிலிருந்து சேவை நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார், அவ்வளவே. கண்டெய்னர்களிலும் இதே கதைதான். போஸ்ட்கிரெஸின் டாக்கர் இமேஜ், கடவுச்சொல் கொடுக்காவிட்டால் யாரையும் நம்பி உள்ளே விடும் நிலையில் பல ஆண்டு இருந்தது. 2020 தொடக்கத்தில்தான் கடவுச்சொல் இல்லாமல் கிளம்ப மறுக்கத் தொடங்கியது.

வட்டில் ஒரு பிட் கெட்டுப்போனால் அதைக் கண்டுபிடிக்கும் செக்சம் வசதி போஸ்ட்கிரெஸில் 2013இலேயே வந்துவிட்டது. இனிட்டிடிபியில் அதைக் கேட்டு வாங்கவேண்டும், கேட்காதவருக்கு இல்லை. கொஞ்சம் வேகம் குறையும் என்ற தயக்கத்தில் பன்னிரண்டு ஆண்டு அது தெரிவாகவே கிடந்தது. 2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பு அதை டீஃபால்ட்டாக்கியது. அன்று முதல் புதிதாக நிறுவுகிறவர் எதுவும் செய்யாமலே பாதுகாப்புப் பெறுகிறார். பழைய கோப்புறையைப் பதிப்பு உயர்த்திக் கொண்டுவருகிறவரோ, சர்வரை நிறுத்தி செக்சம்களை எழுதிக்கொள்ளவேண்டும், அல்லது புதிய கோப்புறையையும் செக்சம் இல்லாமலே உருவாக்கவேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் மேம்படுத்தும் கருவி வேலை செய்ய மறுக்கும். இரண்டாவது வழிக்குக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும், சர்வரை நெடுநேரம் நிறுத்தவேண்டியதில்லை. 2013க்கும் 2025க்கும் இடையே நிறுவிய டேட்டாபேஸ்களில் எத்தனையோ அந்த வழியில்தான் அடுத்த பதிப்புக்குப் போகும்.